பேச்சு முடியற வரைக்கும்

ஏசி நின்னு போனது கோகிலவாணிக்கு மொதல்ல தெரியவே இல்ல. காதுக்குள்ள ஒரு இரைச்சல் இருந்துட்டே இருந்து, அது இல்லாமப் போனதுக்கப்புறந்தான், அட, இத்தனை நேரம் ஏதோ ஓடிட்டு இருந்துச்சே, இப்பக் காணமேன்னு தோணுச்சு. முன்னாடி டிவியாட்டம் நிக்கற அந்தத் திரையும் கருப்பாயிருச்சு. சரி, தம்பி உள்ள உக்காந்துட்டே போன்ல அமத்திட்டான், பேச்சு ஒரு வழிக்கு வந்திருச்சு, இப்பக் கூப்புடுவாங்கன்னு நெனச்சு மடியில இருந்த பூத்தட்டத்த நேரா வச்சா, மூக்குத்தியத் திருகிப் பாத்துக்கிட்டா, முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டா. காங்கேயத்துல ஒரு தெருக்கோடி, வண்டி பாதி வேப்பமர நெழல்லயும் பாதி பங்குனி வெயில்லயும் நிக்குது. தம்பி தரணிக்குப் பொண்ணுப் பாக்க திருப்பூர்ல இருந்து வந்திருக்கறாங்க. அம்மா வேலாத்தா, தாய்மாமன் நாச்சிமுத்து, தரணி மூணு பேரும் எறங்கி உள்ள போயாச்சு. எறங்கறப்ப அம்மா குனிஞ்சு, "நீ செத்த நேரம் இங்கயே இரு கண்ணு, எடுத்ததும் கும்பலாப் போயி நின்னா அவிங்க மெரண்டு போயிருவாங்க, பேச்சு முடியட்டும், பொறகு தட்டத்த எடுத்துட்டு நீதான் வரோணும்"னு சொல்லுச்சு. மூணு பேரோட நாலாவதா ஒருத்தி போனா அது கும்பலா? அவளப் பொண்ணுப் பாக்க வந்தப்ப சேலத்துக்காரங்க ஒரு வேன் நெறைய வந்து எறங்கி, வீட்டுல இருந்த சேரு பத்தாம பக்கத்து வீட்டுப் பெஞ்சத் தூக்கிட்டு வந்து போட்டது. அதெல்லாம் அப்பத் தோணல. தரணி எத்தனை பதவிசா ஒவ்வொரு கண்ணாடிக்கும் அந்தக் காந்தம் வச்ச கருப்பு வலைய ஒட்டி விட்டான், முன்கண்ணாடிக்கு வெள்ளித்தாளாட்டம் மினுங்கற தட்டிய விரிச்சு வச்சான், "வெயிலு உன்ற மேல அடிக்குமுல்லக்கா, ஏசி ஓடிட்டே இருக்கும், நீ பாட்டுக்குப் பாட்டுக் கேளு"ன்னான். அவனச் சின்னதுல தூக்கிட்டு நோம்பிக்குப் போறப்ப இவ இதேமாதிரிதான், தாவணி முந்தியில அவன் தலைய மூடி மூடிக் கொண்டு போவா, அவன் விலக்கி விலக்கி, மேல கீழ சுத்தற ராட்டாந்தூரியப் பாப்பான். மாமன் மட்டும் அவ மூஞ்சியப் பாக்கல. வேட்டிய அவுத்துக் கட்டறதுக்கு அந்த நேரந்தான் கெடச்சுது அவருக்கு.

கழுத்துல மொதல் வேர்வை எறங்குனப்பதான் கதவத் தொறந்து வைக்கலாம்னு கைய நீட்டுனா. இந்த வண்டிக் கதவுக்குக் கைப்பிடிங்கறது கெடையாது. ஒரு பொத்தான், தொட்டா டிக்குன்னு தானா விட்டுக்கும், கண்ணாடி ஒரு விரக்கட அளவு எறங்கும், கதவு வெளிய வரும். அதப் பாத்து அம்மா வாயப் பொளந்தது இன்னும் கண்ணுல நிக்குது. தொட்டா. ஒண்ணுமில்ல. அமுத்துனா. பெருவிரல வச்சு நல்லா அமுத்துனா. கண்ணாடி எறக்கற சுவிட்ச இழுத்தா, அதும் செத்த பல்லாட்டம் ஆடுச்சே தவிர அசையல. நகந்து நகந்து அந்தப் பக்கக் கதவுக்குப் போனா, அங்கயும் அப்படித்தான். பூத்தட்டத்துல இருந்த கொய்யாப்பழம் ஒண்ணு உருண்டு காலடிக்குப் போயிருச்சு. வர்ற வழியில திரையில மஞ்ச எழுத்துல என்னமோ வந்துச்சே, சின்ன பேட்டரின்னோ என்னமோ, அவ பின்னாடி இருந்து எட்டிப் பாத்து "என்னடா அது"ன்னு கேட்டதுக்கு, "அது வாரமா வந்துட்டுத்தான் இருக்குதுக்கா, ஒண்ணுமில்ல, பெரிய பேட்டரி ஃபுல்லா இருக்குது"ன்னு விரலால தள்ளி விட்டுட்டான். இது கரண்டுல ஓடற வண்டி, பெரிய பேட்டரி வண்டிய ஓட்டறதுக்கு, சின்ன பேட்டரி கதவு, வெளக்கு, ஆரனுக்கு, அதத்தான் அந்த ஷோரூம் பையன் சொன்னான், இப்ப ஞாபகம் வருது. அந்தச் சின்ன பேட்டரில இருந்துதான் தரணி கடையில சொல்லி கதவோரமெல்லாம் நீல வெளக்கும், டிக்கில ஒரு பெரிய ஸ்பீக்கரும் இழுத்து வச்சான். பாட்டுப் போட்டா சீட்டே அதிரும். நாச்சிமுத்து மாமனுக்கு அதுல ஒக்காந்தா முதுகுப் பிடிப்பு எறங்கறாப்புல இருக்குதாம், சும்மாவாச்சும் வந்து ஒக்காந்துக்குவாரு.

அந்த ஷோரூம் பையன் வேற என்ன சொன்னான்? வண்டி எடுத்தன்னைக்கு டை கட்டிக்கிட்டு வேர்த்து ஊத்திட்டு நின்னான் பாவம், அவன் மூச்சு விடாம எல்லாத்தையும் ஒப்பிக்கறான், இந்தப் பக்கம் பிள்ளையார் கோயில் அய்யரு எலுமிச்சம்பழத்த எந்த டயருக்கு அடியில வைக்கறதுன்னு அம்மாகிட்டக் கேக்கறாரு, அம்மா மாமனக் கேக்குது, மாமன் நாலுக்கும் வைங்கறாரு. அப்பத்தான் அந்தப் பையன், "இது முக்கியமுங்க சார், சின்ன பேட்டரி எறந்து போச்சுன்னா கரண்டு இல்லாம கதவு தொறக்காதுங்க, அப்ப முன்னாடி இங்க ஒரு நெம்பு இருக்குது, பின்னாடி சீட்டுல இருக்கறவங்களுக்கு காலடி மேட்டுக்கு அடியில ஒரு மூடி, அதத் தொறந்தா"ன்னு சொல்லிட்டு வர்றான், நாச்சிமுத்து மாமன் கையக் காட்டி நிறுத்திப்போட்டாரு. "நல்ல நாளும் அதுவுமா எறந்து போறது, அடைச்சுப் போறதுன்னு அச்சானியமாப் பேசாதீங்க தம்பி. பூச முடியட்டும்." பூச முடிஞ்சுது. மாலை போட்டாச்சு, போட்டோ எடுத்தாச்சு, கேக்கு வெட்டியாச்சு, அந்தப் பையனுக்கு அடுத்த வண்டிக்காரங்க வந்துட்டாங்க. தொறந்தா என்னன்னு கடைசி வரைக்கும் அவன் சொல்லல, இவிங்களும் கேக்கல. கோகிலாவும்தான் கேக்கல. தட்டத்தத் தூக்கிட்டு நின்னா, ஆரத்தி வெளக்கு காத்துல அணைஞ்சிராம கையால மறைச்சுட்டு நின்னா. அன்னைக்கு சாயங்காலமே அவிநாசி ரோட்டுக் கடையில பின்னாடி முன்னாடி எல்லாம் அளவெடுத்து தச்ச மேட்டு, கடக்காரன் பசை போட்டு ஒட்டுனான், எந்திரிக்கவே எந்திரிக்காதுங்கன்னு பெருமையாச் சொல்லி எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தான். அவ குனிஞ்சு ஓரத்துல நகத்த விட்டு இழுத்தா. நல்ல கடக்காரன். நகம் பிஞ்சுதே தவிர மேட்டு எந்திரிக்கல. இன்னைக்குன்னு பாத்து மருதாணி போட்ட நகம்.

போன எடுத்து தரணிக்குப் போட்டா. ரெண்டு தடவ மணி அடிச்சுது, கட்டாயிருச்சு. பேச்சு நடக்கறப்ப எப்புடி எடுப்பான், கரெக்ட்தான். "கார் ஆஃப் ஆயிருச்சு. கதவு திறக்க மாட்டேங்குது. வெந்து போறேன், வந்து திறந்து விடு"ன்னு எழுதி அனுப்பி வச்சுட்டு, சரி அம்மாவுக்குப் போடுவோம்னு போட்டா. அம்மாவுக்கு இந்தத் தேய்க்கற போன் இன்னும் கைக்கு வரல. எடுக்கறதுன்னா கட்டாயிரும், கட் பண்றதுன்னா எடுத்துக்கும், போனுக்கு அதும்மேல ஏதோ பகை. இப்பவும் அதுதான் நடந்துச்சு. மணி அடிச்சு, எடுத்தாப்புல ஆகி, கோகிலா "ம்மா"ன்னு சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள, "ஆருங்க போனுல" அப்புடின்னு ஒரு புது ஆம்பளைக் குரலு, அதுக்கு அம்மா, "லோனுக்காரங்களுங்க, வேணுமா வேணுமான்னு உசுர வாங்கறானுங்க, அமத்திப்போட்டேன்"னு சிரிக்குது. பொறகு சரசரன்னு ஒரு சத்தம், பைக்குள்ள போட்டுருச்சு. அமத்தல. கோகிலாவுக்கு சிரிப்பு வந்துருச்சு, மகள லோனுக்காரியாக்கிட்டயேம்மான்னு. சிரிச்ச வாயி அப்புடியே இருக்குது, அந்த ஆம்பளைக் குரலு, பொண்ணோட அப்பாவாத்தான் இருக்கோணும், கேக்குது, "மூத்த பொண்ணு வரலீங்களா, போட்டோவுல பாத்தமே." அம்மா ஒரு நொடி கூட யோசிக்கல. "பெரியவ வீட்டுக்காரரோட பெங்களூருல இருக்கறாளுங்க. அவருக்கு லீவு கெடைக்கல, அவரு இல்லாம இவ எங்கயும் அசைய மாட்டா. அப்புடியொரு ஒத்துமைங்க."

வண்டிக்குள்ள காத்து கெட்டியாயிட்டு வருது. பூவு வாசம், புது சீட்டு வாசம், கொய்யாப்பழ வாசம் எல்லாம் ஒண்ணாச் சேந்து தொண்டையில நிக்குது. வீட்டுக்காரரோட பெங்களூருல. அவளுக்கு வீட்டுக்காரருன்னு ஒருத்தரு இருந்தாரு, சேலத்துல, கோர்ட்டுல தீந்து போயி தரணி காலேஜுல இருந்தப்பவே முடிஞ்ச கதை. பெங்களூருக்கு அவ ஒரே ஒருக்கா கம்பெனி வேலையாப் போயிருக்கறா, பனியன் சாம்பிள் பையத் தூக்கிட்டு, மழையில நனைஞ்சு, அன்னைக்கே ரயிலேறி வந்துட்டா. இப்ப அங்க ஒரு கோகிலா இருக்கறா, புருசன் லீவுக்குக் காத்துட்டு, அவன் இல்லாம அசையாம, சமையக்கட்டுல நின்னு பாலு பொங்காமப் பாத்துட்டு. அவளுக்கு என்ன, அங்க குளுகுளுன்னு இருக்கும். எப்ப இருந்து இந்தப் பொய்யி? காத்தால அம்மா அவளுக்குப் பொடவை எடுத்து வச்சுதே, இந்த வாடாமல்லிப் பொடவையக் கட்டு, உனக்கு எடுப்பா இருக்கும்னு. எடுப்பா இருந்து என்னத்துக்கு, கருப்பு வலைக்குள்ள? கூட்டிட்டு வரலேன்னா அழுவாளேன்னு கூட்டிட்டு வந்தாங்களா. வீட்டுல விட்டுட்டு வந்தா ஏன்னு கேப்பா, கேட்டா பதில் சொல்லோணும், கார்ல வச்சுட்டா செத்த நேரம் இரு கண்ணுங்கறதோட போயிரும். அப்ப மூணு பேரும் உக்காந்து இதப் பேசியிருக்கறாங்க. அவ கம்பெனிக்குப் போயிருந்தப்ப, மத்தியானம், கூடத்துல, அந்த நடு ஃபேனப் போட்டுட்டு. அம்மா சொல்லியிருக்கும், மாமன் தலையாட்டியிருப்பாரு. தரணி? அவன் அந்த எடத்துல இருந்திருக்க மாட்டான். ஆபீசுல இருந்து வந்ததும் அம்மா அவன் காதுல போட்டிருக்கும், அவன் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பான். வலைய ஒட்டறப்ப ஒரு எடத்துல மடங்கி நின்னதக்கூட நீவி நீவி விட்டானே. வெயிலு படக்கூடாதுன்னா, ஆளு கண்ணு படக்கூடாதுன்னா? ரெண்டுக்கும் கை ஒரே மாதிரிதான் நீவும்.

போனக் காதுல இருந்து எடுக்க முடியல அவளால. கட் பண்ணிட்டு வேற ஆருக்காவது போட்டிருக்கலாம், கம்பெனில கூட வேலை செய்யற மும்தாசுக்குப் போட்டா அவ போலீசு, ஃபயர் சர்வீசு எல்லாத்தையும் கூட்டியிருப்பா. ஆனா காது பிசினாட்டம் ஒட்டிக்கிச்சு. உள்ள டம்ளரு வைக்கற சத்தம், ஆரோ பஜ்ஜி எடுத்துக்கங்கன்னு சொல்ற சத்தம். பொண்ணோட அப்பா மறுக்கா ஆரம்பிக்கறாரு, "அப்ப இணைச்சீருக்காவது வந்துருவாங்களா?" அந்த வார்த்தை கேட்டதும் கோகிலாவுக்கு முதுகு நிமிந்துருச்சு. இணைச்சீருன்னா அது அவளுது. தாலி கட்டறதுக்கு முந்தி, கூறைப்பொடவையோட ஒரு தலைப்பு தம்பி கையில, மறு தலைப்பு கூடப்பொறந்தவ கையில, உனக்குப் பொண்டாட்டி வந்தாலும் இந்தக் கூடப்பொறப்பு அத்துப் போகாதுன்னு ஊரு முன்னாடி ஒக்கார வச்சு செய்யற சீரு. ஒரு கூடப்பொறந்தவளுக்கு வேற எந்தக் கலியாணத்துலயும் அப்புடி நடுமணையில எடங் கெடையாது. அவ அதுக்குன்னு மனசுக்குள்ள பொடவையே எடுத்து வச்சிருந்தா, எலுமிச்சம்பச்சை, தரணிக்கு அந்தக் கலரு புடிக்காது, வேணும்னே அதத்தான் கட்டோணும், மேடையில அவன் மூஞ்சி போற போக்கப் பாக்கோணும்னு. அம்மா இதுக்கு என்ன சொல்லப் போகுது, இதுலயாவது திக்குமா. திக்குச்சு, அம்மாவுக்குத் திக்குச்சு. "அதுங்க" அப்புடின்னு இழுத்துச்சு. அப்ப தரணி பேசுனான். அவ காதுல அவன் குரலு தெளிவா, பக்கத்துல ஒக்காந்து பேசறாப்புல விழுந்துச்சு. "சித்தப்பா பொண்ணு இருக்குதுங்க மாமா, அபிநயா. நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதான். அது செய்யும். அதெல்லாம் பேசியாச்சுங்க."

பேசியாச்சு. அபிநயாகிட்டப் பேசியாச்சு. போன வாரம் அபிநயா வந்து, கோகிக்கா உன்ற அந்தக் கல்லு வச்ச ஒட்டியாணம் குடுப்பியா, ஒரு விசேசம் வருதுன்னு கேட்டுட்டுச் சிரிச்சுதே. குடுக்கறேன் போடின்னு சொன்னாளே இவ. நெத்தி வேர்வை கண்ணுல எறங்கி எரியுது. வாயத் தொறந்தாப் போதும். அம்மா காது மந்தம்னு போன்ல சத்தத்த முழுசா வச்சிருக்கும், அவ இங்க இருந்து "டேய் தரணி"ன்னு ஒரு கத்துக் கத்துனா அந்தப் பைக்குள்ள இருந்து குரலு வெளிய வரும், பஜ்ஜி தின்னுட்டிருக்கற அத்தனை பேரும் பையத் திரும்பிப் பாப்பாங்க. பையப் பாத்துட்டு அம்மாவப் பாப்பாங்க. அதோட இந்தச் சம்பந்தம் போச்சு. கையால வாயப் பொத்திக்கிட்டா. தானாப் பொத்திக்கிட்டா, ஆரும் சொல்லல. தாராபுரத்துல ஒரு கலியாணத்துல ரங்கநாயகி அத்தை பாத்ரூம்ல மாட்டிக்கிட்டு, தட்டுனா மண்டபமே கூடிருமேன்னு கூச்சப்பட்டு உள்ளயே சாமிப் பாட்டுப் பாடிட்டு இருந்துச்சு, வெளிய இருந்தவங்க அட எத்தனை பக்தின்னு கேட்டுட்டு நின்னாங்க, பந்தி முடிஞ்சு மாமா தேடி வந்துதான் தொறந்து விட்டாரு. அத எல்லாரும் எத்தனை வருசமாச் சொல்லிச் சிரிக்கறாங்க. பாத்ரூம்லயாவது மேல ஒரு ஓட்டை இருந்துச்சு. இதுல காத்துப் போற வழி எது? அவளுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, காதுக்குள்ள அந்த அடியும் போன்ல பேசறதும் மாறி மாறிக் கேக்குது. அப்ப போன ஒரு நொடி காதுல இருந்து விலக்குனா. பாத்தா, அவ அனுப்புன செய்தியில டிக்கு ரெண்டும் நீலமாயிருச்சு. படிச்சுட்டான். வந்துருவான். எந்திரிச்சு, ஒரு நிமிசமுங்கன்னு சொல்லிட்டு வெளிய வருவான், அவனுக்கு இது ஒண்ணு போதும், அக்கா வெந்து போறேன்னு எழுதியிருக்கறாளே. போனுக்குள்ள அம்மா குரலு, "ஆருடா தரணி?" அவன் சொல்றான், "ஆபீஸ்ல இருந்துங்ம்மா." கையில போனு ஒரு துடி துடிச்சுது. "சத்தம் போடாதக்கா ப்ளீஸ். வெளிய யாராச்சும் பாத்துரப் போறாங்க. பேச்சு முடிஞ்சதும் வந்து எடுத்து விடறேன்." கும்புடற கை ஒண்ணும் கூடப் போட்டிருந்தான், மஞ்சக் கலருல.

அந்த மஞ்சக் கையவே பாத்துட்டு இருந்தா கோகிலா. அவன் கெட்டவன் இல்ல. இதுதான் அவளுக்குப் பெரிய வெசனமா இருந்துச்சு. கெட்டவனா இருந்தா ஒரு வழி. அவனுக்கு அவ வேகறது தெரியாது, கார்னா குளுகுளுன்னுதான் இருக்கும்னு நெனச்சுட்டு இருப்பான். இல்ல, எழுதியிருக்கறாளே, வெந்து போறேன்னு. படிச்சானே. உள்ள அந்தப் பொண்ணு வந்துருச்சாட்டம் இருக்குது, மிருதுளான்னு கூப்புட்டாங்க, "ஏதாச்சும் கேக்கோணும்னா கேட்டுக்க சாமி, அப்புறம் சொல்லலையேன்னு சொல்லக்கூடாது"ன்னு அவிங்கப்பா சொல்லச் சொல்ல எல்லாரும் சிரிக்கறாங்க. அந்தப் புள்ள சின்னக் குரலுல கேட்டுச்சு, "அக்கா போன் நம்பர் குடுப்பீங்களா, பேசிப் பழகிக்கறேன்."  நாச்சிமுத்து மாமன்தான் இருமிட்டு, "அதுக்கென்ன, குடுத்தாப் போச்சு"ன்னாரு. எந்த நம்பரக் குடுப்பாங்க? பெங்களூரு நம்பரயா? கோகிலாவப் பாக்க வந்த அன்னைக்கு, சேலத்துக்காரங்கள்ள ஒரு அக்கா, மாப்பிள்ளையோட அண்ணன் பொண்டாட்டி, டம்ளரு கழுவற சாக்குல சமையக்கட்டுக்குள்ள வந்து இவ பக்கத்துல நின்னுச்சு. கழுவுன டம்ளரயே கழுவுச்சு. "உனக்கு எல்லாஞ் சொன்னாங்களா கண்ணு"ன்னு கேட்டுச்சு. எல்லாம்னா என்னங்கக்கான்னு இவ கேட்டதுக்கு மூஞ்சியப் பாத்துட்டு, ஒண்ணுமில்ல, உப்பு எங்க இருக்குதுன்னு கேட்டேன்னுச்சு. டம்ளரு கழுவறதுக்கு உப்பு எதுக்கு. அவருக்கு முன்னாடியே ஒரு கலியாணம் ஆகி, அந்தப் பொண்ணு திருச்செங்கோட்டுல கைக்கொழந்தையோட நாயம் கேட்டுட்டு நிக்கறான்னு தெரியறதுக்குள்ள இவ அந்த வீட்டுல ரெண்டு தீவாளி கொண்டாடிட்டா. அந்த அக்கா மேல அவளுக்கு அன்னைக்கு வந்த கோவம் புருசன் மேலகூட வரல. பக்கத்துல நின்னியே. ஈரக் கையோட நின்னியே. ஒரு வார்த்தை.

கண்ணு ரெண்டுலயும் பூச்சி பறக்குது. இனிமே இப்புடியே உக்காந்திருந்தா மயக்கம் போட்டுருவோம்னு ஒடம்பு சொல்லிருச்சு, மனசு என்ன சொல்லுதுன்னு அது காத்துட்டு இருக்கல. பூத்தட்டத்தக் கீழ வச்சா. போன மாராப்புக்குள்ள சொருகிக்கிட்டா, அது பாட்டுக்கு அங்க நெஞ்சுக்கிட்ட இருந்து மொய்ப்பணம், மண்டபம், வைகாசின்னு பேசிட்டே இருந்துச்சு. பொடவைய முழங்காலுக்கு மேல தூக்கிச் சொருகிட்டு, ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவுல தலைய விட்டா, தோள விட்டா, இடுப்பு சிக்கிக்கிச்சு. எக்ஸ்போர்ட்டு கம்பெனில உக்காந்தே வேலை செஞ்சு வளத்த இடுப்பு. மூச்ச இழுத்து ஒரு எக்கு எக்குனா, முட்டி போயி அந்த நடுப்பொட்டியில இடிச்சுது, வளவி ரெண்டு நொறுங்குச்சு, தலைகுப்புற ஓட்டற சீட்டுக்குள்ள விழுந்தா. பூச போட்டன்னைக்கு அந்தப் பையன் கை எங்க போச்சு? முன்னாடி இங்கன்னு சொன்னானே, அவ வெளிய தட்டத்தோட நின்னுட்டு அவன் வெரலப் பாத்தாளே. ஆரனு அமுத்துனா, ஊமை. கதவத் தடவுனா. சுவிட்சு, அதுக்கு மேல ஒரு மினுமினுப்புப் பட்டை, அழகுக்கு வச்சதாட்டம். அதுக்கும் முன்னாடி ஒரு துண்டு கொஞ்சமாத் தூக்கிட்டு நின்னுச்சு. இத இழுத்தாக் கண்ணாடி எறங்காது, மேல ரப்பரு கிழிஞ்சிரும், சும்மா சும்மா தொடாதீங்கன்னு தரணி எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தான், அது எதுக்குன்னு மட்டும் சொல்லல. இழுத்தா. வரல. ரெண்டு கையாலயும் வெரல மடக்கி இழுத்தா. கர்ருன்னு ரப்பரு கிழிஞ்சுட்டு, கதவு விட்டுக்கிச்சு.

வெளிய வெயிலு அடிச்சதுதான், ஆனா அவளுக்கு அது தண்ணிக்குள்ள எறங்குனாப்புல இருந்துச்சு. கதவப் புடிச்சுட்டு நின்னா, ரவிக்கை முதுகோட ஒட்டிக்கிச்சு, பொட்டு வழிஞ்சு மூக்கு வரைக்கும் வந்திருக்கோணும். பொடவைய எறக்கி விட்டுக்கக்கூட மறந்து போச்சு. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ரோட்டக் கடந்து அந்தப் பக்கம் போயி பஸ் ஏறுனா, திருப்பூர் போயிரலாம். தரணி வந்து பாப்பான், கதவு தொறந்து கெடக்கும், தட்டம் இருக்கும், அக்கா இருக்க மாட்டா. சாயங்காலம் வந்து, சாரிக்கா வேற வழி இல்லைக்கான்னு நிப்பான், அம்மா அழுகும், இவளும் அழுதுட்டு தோசை ஊத்திப் போடுவா. வைகாசியில மண்டபத்துல அபிநயா ஒட்டியாணம் போட்டுட்டு மணையில ஒக்காருவா. அவளுக்கு அது அத்தனையும் நடந்து முடிஞ்சாப்புலயே தெரிஞ்சுது, தோசைக் கருகல் வாசம் மொதக்கொண்டு. அப்பத்தான் அந்த வீட்டுக் கேட்டு கிரீச்சுன்னு தொறந்து ஒரு அம்மா வந்துச்சு, கேட்டோரத்துக் கருவேப்பிலை மரத்துல ஒரு கொத்து ஒடிக்க. பொண்ணுக்கு அத்தையா இருக்கோணும், காதுல தோடு டாலடிக்குது, பட்டுப்பொடவை மேல ஒரு பழைய துண்டச் சொருகி இருந்துச்சு. இவளப் பாத்ததும் கை மரத்துலயே நின்னு போச்சு.

"ஆருங்கம்மிணி? இப்புடி வேர்த்து ஊத்துது. இந்த வண்டியில இருந்தா வர்றீங்க?"

"ஆமாங்க."

"மாப்பிள்ளை ஊட்டு வண்டியல்ல இது. டிரைவரு இல்லாம அவரே ஓட்டிட்டு வந்தாருன்னு சொன்னாங்களே."

ஆமாங்க, கூட வேலை செய்யறவ, சும்மா வந்தேன்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்தம்மா கை ஈரமா இருந்துச்சு, ஏதோ கழுவிட்டு பாதியில வந்திருக்குது. கோகிலா அந்தக் கையப் பாத்தா.

"நான் மாப்பிள்ளைக்கு அக்காங்க. கோகிலவாணி."

அந்தம்மா சிரிக்கப் பாத்துச்சு. "அக்கா பெங்களூருல இருக்கறாங்க, வீட்டுக்காரருக்கு லீவு இல்லன்னு இப்பத்தானுங்க சொன்னாங்க."

"இல்லீங்க. எனக்கு வீட்டுக்காரரு இல்லீங்க, கோர்ட்டுல தீந்துருச்சு. நான் கார்லதான் இருந்தேன்."

அந்தம்மா கொத்த ஒடிச்சுக் கையில புடிச்சுக்கிச்சு. மெதுவா வந்து வண்டிக்குள்ள எட்டிப் பாத்துச்சு. கருப்பு வலையப் பாத்துச்சு, வெள்ளித் தட்டியப் பாத்துச்சு, பின்னாடி கெடந்த பூத்தட்டத்தப் பாத்துச்சு, நொறுங்கிக் கெடந்த வளவியப் பாத்துச்சு. திரும்பி வந்து, கருவேப்பிலைய எடது கைக்கு மாத்திக்கிட்டு, கோகிலா மணிக்கட்டப் புடிச்சு நெழலுக்குக் கூட்டிட்டுப் போயி கேட்டுத் திட்டுல ஒக்கார வச்சுது. பொடவைய எறக்கி விட்டுச்சு. பொறகு வீட்டப் பாத்துக் குரலு குடுத்துச்சு.

"மிருதுளா. ஒரு சொம்பு தண்ணி கொண்டா சாமி. வேற ஆருகிட்டயும் குடுத்து உடாத, நீயே எடுத்துட்டு வா."

அந்தக் குரலு தெருவுலயும் கேட்டுச்சு, கோகிலா மாராப்புக்குள்ள இருந்த போன்லயும் ஒரு நொடி தள்ளிக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் போனுக்குள்ள ஒரு சேரு பின்னாடி நகர்ற சத்தம், கொலுசுச் சத்தம். கொலுசு வாசலப் பாத்து வந்துட்டு இருந்துச்சு.